தில்லியில் முதல் கோடை: புதிதாக வந்தவர்களுக்கு ஒரு வழிகாட்டி

ஆர்.கே. புரத்தில் எங்கள் குடியிருப்புக்கு ஒவ்வொரு ஏப்ரலிலும் ஒரு தமிழ்க் குடும்பமாவது புதிதாக வந்து சேரும். மாற்றல் உத்தரவும் பள்ளிக்கூடச் சேர்க்கையும் அந்த மாதத்தில்தான் கூடி வரும். லாரியிலிருந்து சாமான் இறக்கி முடிவதற்குள் கேட்டுவிடுவார்கள், "இந்த ஊர் வெயிலை எப்படிங்க தாங்குறீங்க?" என்று. பதினெட்டு கோடைகளை இங்கே கழித்திருக்கிறேன். தாங்குவதற்கு வழி உண்டு, சொல்கிறேன். ஆனால் எனக்குச் சொல்ல ஆசையாக இருப்பது வேறு. ஏப்ரல் நடுவில் தொடங்கி ஜூன் கடைசிவரை இந்த ஊரில் சில சுகங்கள் கிடைக்கும். மழை பிடித்துக்கொண்டால் அவை போய்விடும். ஏசி அறைக்குள்ளேயே கோடையைக் கழித்தால் அத்தனையும் கண்ணில் படாமல் போகும். எனக்கு முதல் இரண்டு வருஷம் அப்படித்தான் போனது.

முதலில் காற்றைப் புரிந்துகொள்ளுங்கள்

நம் ஊர் வெயிலும் இந்த ஊர் வெயிலும் ஒன்றில்லை. சென்னையில் மே மாதம் 38 டிகிரி என்றால் கடல்காற்றின் ஈரம் உடம்பில் ஒட்டிக்கொள்ளும். சட்டை நனையும், வியர்வை காயாது. தில்லியில் மே மாதப் பகல் சாதாரணமாகவே 40ஐத் தொடும். சஃப்தர்ஜங் வானிலை நிலையத்தில் 1944 மே 29 அன்று 47.2 டிகிரிகூடப் பதிவாகியிருக்கிறது. ஆனால் காற்றில் ஈரம் இருக்காது. ராஜஸ்தான் பக்கமிருந்து வரும் மேற்குக் காற்றை இங்கே 'லூ' என்பார்கள். அடுப்புப் பக்கம் குனிந்ததுபோல முகத்தில் அடிக்கும். கொடியில் போட்ட வேட்டி கால் மணி நேரத்தில் விறைத்து நிற்கும்.

இந்த வறட்சியை மனதில் வைத்துக்கொண்டால் மீதி எல்லாம் தானாகப் புரியும். காய்ந்த காற்று தண்ணீரை எங்கே கண்டாலும் குடித்துவிடும். தண்ணீர் ஆவியாகும்போது சுற்றியிருக்கும் சூட்டையும் எடுத்துக்கொண்டு போகும். பானைத் தண்ணீர் ஜில்லென்று இருப்பதும், கூலர் வேலை செய்வதும், மாலையில் மொட்டைமாடியில் ஒரு வாளி தண்ணீர் தெளித்தால் தரை குளிர்வதும் இதனால்தான். வடாம் ஒரே நாளில் காய்வதும் இந்தக் காற்றின் வேலைதான்.

ஆபத்தும் இதே இடத்தில் இருக்கிறது. வியர்வை சுரந்த சுவடே தெரியாமல் காய்ந்துவிடுவதால் உடம்பிலிருந்து எவ்வளவு நீர் போனது என்று தெரியாது. "எனக்கு வேர்க்கவே இல்லையே" என்று சொல்லிக்கொண்டே தலைசுற்றி உட்கார்ந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். தாகம் எடுக்கட்டும் என்று காத்திருக்காதீர்கள். சிறுநீர் அடர் மஞ்சளாகப் போனால் குடித்தது போதவில்லை என்று அர்த்தம்.

நாட்கணக்கும் கொஞ்சம் மாறும். நம் கத்திரி மே 4 வாக்கில் தொடங்கி 28 வாக்கில் முடியும். சூரியன் பரணி மூன்றாம் பாதத்தில் இருந்து ரோகிணி முதல் பாதத்தைக் கடக்கும்வரை உள்ள கணக்கு அது. இங்கே 'நௌதபா' என்று ஒன்பது நாள் சொல்வார்கள். சூரியன் ரோகிணிக்குள் நுழைந்ததிலிருந்து, அதாவது மே 25 வாக்கிலிருந்து எண்ணுவார்கள். ஊரிலிருந்து அம்மா போன் செய்து "கத்திரி கழிஞ்சிடுச்சுப்பா" என்று சொல்லும்போது இங்கே நௌதபா பாதிகூட ஆகியிருக்காது.

பானை வாங்குங்கள், ஏப்ரலிலேயே

ஃப்ரிட்ஜ் தண்ணீர் இந்த வெயிலில் தொண்டையைப் பிடிக்கும், தாகமும் அடங்காது. பானைத் தண்ணீர்தான் சரி. மால்வியா நகர் பக்கம் ஹௌஸ் ராணியில் சாலையோரமாகவே மண்பாண்டக் கடைகள் வரிசையாக இருக்கும். மேற்கே உத்தம் நகரில் குயவர்கள் குடியிருப்பே இருக்கிறது. பானையை 'மட்கா' என்பார்கள், கழுத்து நீண்ட கூஜாவை 'சுராஹி' என்பார்கள். விரல் மடக்கித் தட்டிப் பாருங்கள். கணீரென்று கேட்டால் வாங்கலாம், மந்தமாகக் கேட்டால் எங்கோ விரிசல் இருக்கிறது. உள்ளும் வெளியும் வண்ணம் பூசிப் பளபளவென்று இருப்பதை வாங்க வேண்டாம். பூச்சு நுண்துளைகளை அடைத்துவிடும், நீர் கசியாது, குளிராது.

வீட்டுக்குக் கொண்டுவந்து ஒரு நாள் முழுக்கத் தண்ணீரில் ஊறப் போடுங்கள். அப்புறம் இரண்டு நாள் நிரப்பி நிரப்பிக் கொட்டினால் மண் கரைசல் போய்விடும். சோப்பு வைத்துத் தேய்க்காதீர்கள், வாசனை உள்ளே இறங்கிவிடும். நிழலும் காற்றோட்டமும் உள்ள ஜன்னலோரத்தில் ஒரு தட்டில் மணல் பரப்பி, அதை ஈரமாக்கி, மேலே பானையை வையுங்கள். ஈரத்துணியும் சுற்றினால் இன்னும் நல்லது. ஊரில் செய்வதுபோல வெட்டிவேர் ஒரு பிடி கட்டிப் போட்டால், பகல் இரண்டு மணிக்கு வெளியிலிருந்து வருகிறவருக்குக் கொடுக்க அதைவிட நல்ல பொருள் வீட்டில் இருக்காது.

கூலரை மூடின அறையில் வைக்காதீர்கள்

ஏசி இருக்கட்டும், வயதானவர்களும் கைக்குழந்தையும் உள்ள வீட்டுக்கு அது தேவைதான். ஆனால் கூலர் காற்று வேறு ஜாதி. நம் ஊர்க்காரர்கள் கூலரை நம்புவதில்லை. சென்னையில் யாரோ வாங்கி, அறை முழுக்கப் பிசுபிசுவென்று ஆகி, பரணில் தூக்கிப் போட்டிருப்பார்கள். அங்கே அது சரிப்படாது, காற்று ஏற்கெனவே ஈரம். இங்கே வெளியே 40 டிகிரி, ஈரப்பதம் 20 சதவீதம் என்று இருக்கும் பகலில் நல்ல கூலர் 26, 27 டிகிரிக் காற்றை உள்ளே தள்ளும்.

புதியவர்கள் செய்யும் தவறு ஒன்றுதான். ஏசி பழக்கத்தில் ஜன்னல் கதவெல்லாம் இழுத்துச் சாத்திவிட்டுக் கூலரை அறைக்குள் வைத்து ஓட்டுவது. நானும் அதைத்தான் செய்தேன். அறைக்குள் இருக்கும் அதே காற்று திரும்பத் திரும்ப ஈரமாகி, நள்ளிரவில் தலையணை நனைந்தது. மூன்று இரவு தூங்கவில்லை. கீழ்வீட்டு சர்தார்ஜி வந்து பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் எதிர்ப்பக்க ஜன்னலைத் திறந்துவிட்டுப் போனார். பத்து நிமிஷத்தில் அறை மாறியது. கூலர் ஜன்னலுக்கு வெளியே நிற்க வேண்டும், வெளிக்காற்றை இழுக்க வேண்டும். உள்ளே வந்த காற்று வெளியேற எதிரே ஒரு ஜன்னலோ கதவோ ஒரு சாண் திறந்திருக்க வேண்டும்.

கூலரின் மூன்று பக்கத்திலும் வைக்கிற திண்டு சாதாரணமாக மரச்சீவல். அதை இங்கே 'காஸ்' என்பார்கள், புல் என்று பொருள். வெட்டிவேருக்குப் பெயர் 'கஸ்'. நம் வாயில் இரண்டும் ஒன்றாகவே வரும், கடைக்காரர் மரச்சீவலைத் திணித்துவிட்டுப் போய்விடுவார். "கஸ் கீ ஜட்" என்று கேளுங்கள், வெட்டிவேரின் வேர் என்று புரியும். எல்லாப் பக்கத்துக்கும் வெட்டிவேர் வைத்தால் செலவு கூடும். ஒரு பக்கத்துக்கு மட்டும் வைத்தாலே போதும். பழைய தில்லி காரி பாவ்லியில் மருந்துச் சரக்கு விற்கும் கடைகளில் கட்டுக் கட்டாகக் கிடைக்கும். ஊருக்குப் போய் வருகிறவர்களிடம் சொன்னால் நாட்டு மருந்துக் கடையிலிருந்தும் கொண்டுவருவார்கள். முதல் நாள் தண்ணீர் இறங்கி வேர் நனையும்போது வருகிற வாசனைக்கு என்னிடம் ஒப்பு ஒன்றுதான் உண்டு: கோடை மழையின் முதல் ஐந்து நிமிஷம். அந்த வாசனை ராத்திரி முழுக்க அறையில் இருக்கும்.

கவனிக்க வேண்டியவை இரண்டு. தண்ணீர் ஊற்றும்போதோ உள்ளே கை விடும்போதோ சுவிட்சை அணைத்து, பிளக்கையும் பிடுங்கிவிடுங்கள். இரும்புக் கூலராக இருந்தால் எர்த் சரியாக இருக்கிறதா என்று எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டுப் பாருங்கள். இதில் சோம்பலே கூடாது. அடுத்தது, வாரத்தில் ஒரு நாள் தொட்டியை முழுக்க வடித்துத் தேய்த்துக் காயவிடுங்கள். தேங்கிய நல்ல தண்ணீரில்தான் டெங்கு கொசு முட்டையிடும்.

நாளைப் புதிதாக அடுக்குங்கள்

மே இறுதியில் இங்கே ஐந்தரைக்கு முன்பே சூரியன் உதித்துவிடும், மறைய ஏழேகால் ஆகும். அந்த நீண்ட பகலின் இரண்டு ஓரங்களும் உங்களுக்கு, நடுப்பகுதி வெயிலுக்கு. பன்னிரண்டிலிருந்து நான்குவரை வெளிவேலை வைத்துக்கொள்ளாதீர்கள். போய்த்தான் ஆகவேண்டுமென்றால் பருத்தித் துண்டு ஒன்றை நனைத்துப் பிழிந்து தலையோடு காதையும் மூடிக் கட்டிக்கொள்ளுங்கள். பையில் ஒரு பாட்டில் தண்ணீரும் ஓஆர்எஸ் பொட்டலமும் இருக்கட்டும். யாராவது குழறிப் பேசினாலோ, உடம்பு நெருப்பாய்ச் சுட்டு நினைவு தடுமாறினாலோ அது சாதாரண வெயில் மயக்கம் இல்லை, உயிர் ஆபத்து. நிழலுக்குக் கொண்டுபோய், உடம்பெல்லாம் தண்ணீர் ஊற்றி விசிறிக்கொண்டே 112ஐக் கூப்பிடுங்கள். மயங்கியவர் வாயில் எதையும் ஊற்ற வேண்டாம்.

வீட்டை விடியலில் திறந்து ஒன்பது மணிக்குள் மூடிவிட வேண்டும். கூலர் ஓடும் அறைக்கு மட்டும் மேலே சொன்ன ஒரு சாண் வழி. மேற்குப் பார்த்த ஜன்னலுக்கு வெளிப்பக்கமாகத் தட்டி கட்டுங்கள். உள்ளே தொங்கும் திரை அவ்வளவு உதவாது, கண்ணாடி தாண்டி வந்த சூடு வந்ததுதான். மாடித் தொட்டித் தண்ணீர் பகல் பதினொன்றுக்கே கொதிக்கும். காலை ஆறு மணிக்கு இரண்டு வாளி பிடித்துக் குளியலறை மூலையில் வைத்துவிட்டால் மாலை அலுவலகத்திலிருந்து வந்ததும் அந்தக் குளிர்ந்த நீர் காத்திருக்கும்.

சமையலறையில் இரண்டு விஷயம் மாறும். இட்லி மாவு மே மாதத்தில் நான்கைந்து மணி நேரத்தில் பொங்கி வழிந்துவிடும். இரவு கரைத்து வைத்தால் காலையில் புளிப்புதான் இருக்கும், அதனால் படுக்கப் போகுமுன் பார்த்து ஃப்ரிட்ஜில் வைத்துவிடுங்கள். தயிரும் அப்படியே. மீந்தால் நீர்மோர் ஆக்கிவிடலாம் என்பதால் தயிரில் நஷ்டமில்லை.

குடிக்கவும் தின்னவும்

நம்மிடம் நீர்மோரும் பானகமும் உண்டு, அவற்றை விடவேண்டாம். அவற்றோடு இந்த ஊர்க்காரர்களிடம் கற்றுக்கொள்ள நிறைய இருக்கிறது.

முதலில் 'ஆம் பன்னா'. புளிப்பான மாங்காய் இரண்டை அடுப்புத் தணலில் தோல் கருகும்வரை திருப்பித் திருப்பிச் சுடுங்கள். ஆறியதும் தோலை உரித்து, கொட்டையைப் பிழிந்து எடுத்து, சதையை மசியுங்கள். வெல்லம், வறுத்துப் பொடித்த சீரகம், கறுப்பு உப்பு, ஒரு பிடி புதினா சேர்த்து அரைத்து பாட்டிலில் வைத்துக்கொண்டால் நான்கைந்து நாள் வரும். ஒரு டம்ளர் பானைத் தண்ணீருக்கு மூன்று கரண்டி. வேகவைத்தும் செய்யலாம், ஆனால் சுட்ட மாங்காயின் புகைவாசனை அதில் வராது. லூ அடித்து வந்தவருக்கு இங்கே முதலில் கொடுப்பது இதைத்தான்.

தள்ளுவண்டியில் மரக்கட்டை நிறத்தில் உருண்டையாக அடுக்கியிருப்பது வில்வப்பழம். நமக்கு அது சிவன் கோவில் மரம், இலை மட்டும்தான் பறிப்போம். இங்கே ஓட்டை உடைத்துச் சதையைக் கரைத்து வடிகட்டி 'பேல் சர்பத்' கொடுப்பார்கள். வயிற்றுக்கு அத்தனை இதம். பீகார்க்காரர்கள் வண்டியில் வறுத்த கடலை மாவைக் கரைத்து வெங்காயம், எலுமிச்சை, உப்புப் போட்டுத் தருவது 'சத்து'. காலையில் ஒரு சொம்பு குடித்தால் மதியம்வரை பசிக்காது. கோலி சோடாவுக்கு இங்கே 'பண்டா' என்று பெயர். ஜாமா மசூதிப் பக்கம் மாலையில் போனால் பாலில் ரூஹ் அஃப்ஸாவும் தர்பூசணித் துண்டும் போட்டுக் கலக்கும் பெரிய அண்டாக்களைப் பார்க்கலாம். ரூஹ் அஃப்ஸாவே இந்தப் பழைய தில்லியில் ஒரு யுனானி வைத்தியர் தொடங்கிவைத்த சர்பத்துதான், நூறு வயதைத் தாண்டியது. வண்டிகளில் ஐஸ் போடாமல் கேளுங்கள். எந்தத் தண்ணீரில் உறையவைத்தது என்று தெரியாத ஐஸும், வெட்டி ஈ மொய்க்க வைத்திருக்கும் பழமும் கோடை முழுவதையும் படுக்கையில் கழிக்க வைத்துவிடும்.

மே கடைசியிலோ ஜூனிலோ ஒரு நாள் சாலையில் போகும்போது சீக்கியர்கள் உங்கள் வண்டியை நிறுத்துவார்கள். பயப்பட வேண்டாம். குரு அர்ஜன் தேவ் 1606இல் லாகூரில் உயிர்த்தியாகம் செய்த நாளை நினைத்து வைக்கும் 'சபீல்' அது. கொதிக்கும் மணலில் அவரை வதைத்தார்கள் என்பது அவர்கள் மரபு, அதனால் அன்று வழியில் போகிற எல்லாருக்கும் ரோஜா சர்பத்து கலந்த குளிர்ந்த பால்தண்ணீர். பேருந்து ஜன்னல்வரை கை நீட்டிக் கொடுப்பார்கள். நம் ஊர்த் தண்ணீர்ப் பந்தலைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு அந்த டம்ளரை வாங்கும்போது தொண்டை அடைக்கும். மறுக்காமல் வாங்கிக் குடியுங்கள். முடிந்தால் இறங்கி அரை மணி நேரம் டம்ளர் கழுவிக் கொடுத்துவிட்டுப் போங்கள், யாரும் வேண்டாம் என்று சொல்லமாட்டார்கள்.

பழங்களுக்கு ஒரு வரிசை உண்டு. ஏப்ரலில் முலாம்பழமும் தர்பூசணியும். கூடவே விரல் தடிமனில் நீளநீளமாகக் 'ககடி' வரும். உப்பும் எலுமிச்சையும் தடவி நடந்துகொண்டே கடிக்கலாம். அதை விற்பவர்களின் பழைய கூவல், "லைலாவின் விரல்கள், மஜ்னூவின் விலா எலும்புகள்!" மே மாதம் 'ஃபால்சா' என்று கருஞ்சிவப்பில் மிளகைவிடச் சற்றுப் பெரிய பழம் சில வாரம் மட்டும் வந்து போகும், பார்த்த அன்றே வாங்கிவிட வேண்டும். மே கடைசியில் லிச்சி. மாம்பழத்தில் முதலில் வருவது 'சஃபேதா', அது வேறொன்றுமில்லை, நம் பங்கனப்பள்ளிதான். ஜூனில் லக்னோ பக்கத்து மலீஹாபாத்திலிருந்து தசேரி வரும். அதற்கப்புறம் லங்கடா, கடைசியில் ஜூலை வாக்கில் சௌசா. சௌசாவை வெட்டாதீர்கள், உருட்டிப் பிசைந்து காம்பைக் கிள்ளி உறிஞ்ச வேண்டும். அதற்கு முன் எல்லா மாம்பழத்தையும் இரண்டு மணி நேரம் வாளித் தண்ணீரில் போட்டு வைப்பது இந்த ஊர்ப் பழக்கம், நல்ல பழக்கம்.

குல்ஃபிக்குக் கரோல் பாக் அஜ்மல் கான் சாலை பக்கம் போகலாம். ஒரு முறையாவது சீதாராம் பஜாரின் கூச்சா பாத்தி ராம் சந்துக்குப் போய்ப் பாருங்கள். மாம்பழத்தின் கொட்டையை எடுத்துவிட்டு உள்ளே பால் ஊற்றி உறையவைத்து, தோலைச் சீவி வில்லை வில்லையாக நறுக்கித் தருவார்கள்.

வடாம் போடுகிறவர்களுக்கு இதுதான் ஊர்

இதை மட்டும் விட்டுவிடாதீர்கள். எங்கள் மேல்வீட்டு மாமி கும்பகோணத்துக்காரர், எழுபதைத் தாண்டியவர். ஊரில் வடாம் போட்டால் மூன்று நாள் காக்காய்க்குக் காவல், இங்கே காலையில் பிழிந்தால் சாயங்காலம் டப்பாவில் என்று சொல்வார். மே முதல் வாரத்தில் ஒரு ஞாயிறு விடிகாலை நான்கரைக்கே அவர் வீட்டில் சமையலறை விளக்கு எரியும்.

அரிசி மாவும் ஊறின ஜவ்வரிசியும் பச்சை மிளகாய் விழுதும் பெருங்காயமும் சேர்த்து, கண்ணாடிபோலப் பளபளப்பு வரும்வரை கூழைக் கிளற வேண்டும். "உப்பைக் கையை இழுத்துப் போடும்மா, காஞ்சா சுருங்கிடும், அப்புறம் கரிக்கும்" என்று என் பெண்ணிடம் ஒவ்வொரு வருஷமும் சொல்வார். இறக்கினபிறகு எலுமிச்சை பிழிவார். ஆறரைக்குள் மொட்டைமாடியில் பழைய வேட்டியை நனைத்துப் பிழிந்து விரித்து, நான்கு மூலையிலும் செங்கல் வைத்து, தேன்குழல் அச்சில் கூழை அடைத்துப் பிழிந்துகொண்டே போக வேண்டும். கூழ் சூடாக இருக்கும்போதே பிழிய வேண்டும், ஆறினால் அச்சு கையை வாங்கும். ஏழரைக்கு வெயில் முதுகில் ஏறுவதற்குள் இறங்கிவிடலாம்.

பத்து மணிக்குப் போய்ப் பார்த்தால் ஓரம் வெளுத்திருக்கும். பன்னிரண்டுக்கு மேலே மொரமொரப்பு, உள்ளே ரப்பர்போல இழுக்கும். இந்த அரைக் காய்ச்சல் வடாம்தான் பிள்ளைகளின் பங்கு. மாமி அதற்கென்றே ஒரு வரிசை அதிகம் பிழிந்திருப்பார். வேட்டியைக் கவிழ்த்துப் பின்பக்கம் தண்ணீர் தெளித்தால் கையோடு உரிந்து வரும். மூன்று மணிக்குத் தாம்பாளத்தில் தட்டினால் கலகலவென்று சத்தம் கேட்கும். மறுநாள் ஒரு வெயில் காட்டி எடுத்தால் அடுத்த கோடைவரை இருக்கும். மோர்மிளகாய்க்கும் மணத்தக்காளி வற்றலுக்கும் இதே கணக்குதான். குரங்கு வருகிற பகுதி என்றால் மேலே கொசுவலை கட்டி, ஒருவர் கூட இருக்க வேண்டும்.

விடியலிலும் மாலையிலும் எங்கே போவது

ஞாயிறு விடியலில் லோதி தோட்டம். பதினைந்தாம் நூற்றாண்டுக் கல்லறைகளின் கனத்த சுவர்களுக்குள் ஒன்பது மணிக்குக்கூட இரவின் குளிர்ச்சி மீதியிருக்கும், உள்ளே போய்ச் சுவரில் கை வைத்துப் பாருங்கள். அங்கிருந்து அம்ரிதா ஷெர்கில் மார்க் நடக்கிற தூரம். மே நடுவில் அந்தச் சாலை முழுக்கச் சரக்கொன்றை பூத்து மஞ்சளாகத் தொங்கும், தரையும் மஞ்சள். இங்கே பெயர் 'அமல்தாஸ்'. அது பூத்து ஒன்றரை மாதத்தில் மழை வரும் என்று இந்த ஊரில் சொல்வார்கள். சங்கப் பாடல்களிலும் கொன்றை கார்காலத்தைச் சொல்லும் பூதானே! ஜூன் கடைசியில் கர்த்தவ்ய பாத், அசோகா ரோடு ஓரத்து நாவல் மரங்களிலிருந்து பழம் உதிரும். நடைபாதை ஊதாவாகிவிடும், குடையைத் தலைகீழாகப் பிடித்துப் பழம் பிடிக்கிறவர்களையும் பார்க்கலாம்.

கன்னாட் பிளேஸ் பக்கம் பகலில் மாட்டிக்கொண்டால் ஹெய்லி ரோட்டின் அக்ரசேன் பாவ்லிக்குப் போங்கள். நூறுக்கும் மேற்பட்ட படிகள் கீழே இறங்கும் பழைய படிக்கிணறு. தண்ணீர் இல்லாவிட்டாலும் இறங்க இறங்கக் காற்று மாறுவது தோலில் தெரியும்.

ஆர்.கே. புரத்து முருகன் கோவிலான மலைமந்திருக்கு ஆறு மணிக்கு மேல் போங்கள், அதற்கு முன்னால் கருங்கல் தரையில் பாதம் வைக்க முடியாது. வைகாசி விசாகம் இந்த வெயிலில்தான் வரும். சுவாமிநாத சுவாமியைப் பார்த்துவிட்டு மேலே கொஞ்ச நேரம் உட்கார்ந்தால் நகரத்து விளக்குகளும், அந்த உயரத்துக்கு மட்டும் வரும் காற்றும் கிடைக்கும்.

இன்னொன்று, சாந்தினி சௌக்கின் தரீபா கலானில் அத்தர் கடைகள் இருக்கின்றன. 1816இல் தொடங்கிய கடைகூட அங்கே உண்டு. கோடைக்குக் கஸ் அத்தர் கேளுங்கள், அதே வெட்டிவேர். 'மிட்டி அத்தர்' என்று ஒன்றையும் முகரச் சொல்லுங்கள். கன்னோஜில் சுட்ட மண்ணைக் காய்ச்சி வடித்து எடுப்பது, மழை தொட்ட மண்ணின் வாசனை. ஒரு சொட்டு மணிக்கட்டில் வைத்துக்கொண்டால் மழைக்கு இன்னும் ஒரு மாதம் இருக்கிறது என்பது கொஞ்சம் மறக்கும்.

மாலை, ஆந்தி, இரவு

வெயில் தாழ்ந்ததும் மொட்டைமாடியில் தண்ணீர் தெளியுங்கள். கோடையில் இந்த ஊரில் தண்ணீர்த் தட்டுப்பாடு உண்டு, குழாயை நேரே திறந்துவிடுவது பாவம். ஆர்ஓ இயந்திரம் தள்ளிவிடும் கழிவுநீரைப் பகலெல்லாம் வாளியில் பிடித்து வைத்தால் தெளிக்க அதுவே போதும். முதல் வாளி சுர்ரென்று ஆவியாகும், இரண்டாவது வாளிக்குத் தரை அடங்கும். பிறகு பாய் விரித்தோ கயிற்றுக் கட்டில் போட்டோ உட்காரலாம். தொட்டியில் ஒரு மல்லிகைச் செடி வையுங்கள். இந்த வெயிலில் அது பூக்கிற பூ வேறெப்போதும் பூக்காது. சாயங்காலம் தண்ணீர் விட்டால் எட்டு மணிக்கு மொட்டு அவிழும்.

மேற்கு வானம் திடீரென்று பழுப்பாகி, காற்று ஒரு கணம் நின்றால் அது 'ஆந்தி'. புழுதிப்புயல். கொடித்துணி, வடாம், தொட்டிச்செடி எல்லாவற்றையும் இழுத்துப் போட்டு ஜன்னலை அடைக்க ஐந்து நிமிஷம்தான் கிடைக்கும். மரத்தடியிலோ விளம்பரப் பலகை அடியிலோ வண்டியை நிறுத்தாதீர்கள். அது கடந்து போனபின் கதவைத் திறந்தால் வெப்பம் சட்டென்று இறங்கியிருக்கும், சில சமயம் பெரிய பெரிய துளியாக நான்கு விழும். வீடு பெருக்குவதை மறுநாளைக்கு வைத்துக்கொண்டு அப்படியே மாடிக்கு வந்துவிடுங்கள். வருஷத்தில் சில இரவுகள்தான் அப்படி அமையும்.

மழை தில்லியை எட்டுவது சராசரியாக ஜூன் 27 வாக்கில். அதற்குச் சில நாள் முன்னாலேயே கிழக்குக் காற்று வந்து ஈரம் ஏறும். பானைத் தண்ணீர் முன்போல ஜில்லென்று இருக்காது, கூலர் ஓடினாலும் படுக்கை விரிப்பு நசநசவென்று ஒட்டும். அப்போது கூலரை நிறுத்தி, தொட்டியை வடித்து, மோட்டாரைத் துடைத்து உறை போட்டுவிடுங்கள். பானையைக் கவிழ்த்துக் காயவையுங்கள். வெட்டிவேரை மட்டும் தூக்கிப் போட வேண்டாம். அலசி, ஒரு வெயிலில் உலர்த்தி, பழைய துணிப்பையில் கட்டிப் பட்டுப்புடவை அடுக்கும் அலமாரியில் வையுங்கள். தீபாவளிக்குப் புடவை எடுக்கும்போதும் அது மணக்கும்.